கிழித்தது தாளை மட்டுமா?

306-இலிருந்து 128 போனால் 178. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு. நடுவில் பூஜ்யம் வேறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திணறுகிற இடம். என் மகள் திணறவில்லை, சரியாகத்தான் போட்டிருந்தாள். ஆனால் அந்தப் பக்கம் இப்போது நோட்டில் இல்லை, டீச்சர் கிழித்துவிட்டார்கள். தையலோரம் பல் பல்லாகக் கிழிந்த காகிதம்தான் மிச்சம். போய்க் கேட்டேன். "சுத்தமா இல்லம்மா. இப்பவே திருத்தலைன்னா எப்பத் திருத்துறது?" என்றார்கள்.

விடை சரியா தப்பா என்று பார்த்தீர்களா டீச்சர்?

என் மகளுக்கு இடது கைப் பழக்கம். வலது கையால் எழுதுகிறவர்களுக்குக் கை எழுத்தை விட்டு விலகிப் போகும். இவள் கையோ எழுதியதன் மேலேயே ஊர்ந்து போகும். பள்ளி விட்டு வரும்போது சுண்டுவிரல் ஓரமெல்லாம் பென்சில் கரி அப்பியிருக்கும். இடப்பக்கம் உட்கார்ந்த பிள்ளையின் முழங்கை இடிக்க இடிக்கத்தான் எழுதுகிறாள். பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்து, நோட்டை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள், பென்சிலை முனையிலிருந்து சற்று மேலே பிடி என்று சொல்லியிருந்தால் பாதி அழுக்கு போயிருக்கும். காலணா செலவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. அன்று ராத்திரி பென்சிலை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, "இனிமே இந்தக் கையிலயே எழுதட்டாம்மா?" என்று கேட்டாள். பெற்ற வயிறு எரியாதா?

கையெழுத்து மோசமென்றால் படிப்பு அரைகுறை என்று காந்தியே சொல்லியிருக்கிறார் என்கிறார்கள். ஆமாம், 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். எழுத்துக்கு முன்னால் பிள்ளைக்குச் சித்திரம் பழக்க வேண்டும் என்றும் அதே இடத்தில்தான் எழுதியிருக்கிறார். முன்பாதியை எங்கள் பிள்ளைகளைத் திட்ட எடுத்துக்கொண்டீர்கள். பின்பாதியை எந்த வகுப்பில் நடத்தினீர்கள்?

சுத்தம் என்றால் என்ன என்றாவது எழுதிக் கொடுத்தீர்களா? ஒருவருக்கு மார்ஜின் பென்சிலில் வேண்டும், இன்னொருவருக்குச் சிவப்புப் பேனாவில். ஒருவர் ரப்பரால் அழிக்காதே என்கிறார், ஒருவர் அடித்து எழுதாதே என்கிறார். எங்கள் ஊர் நெட்டப்பாக்கத்தில் கரும்பு வெட்டுக்கும் நாற்று நடவுக்கும் போகிறவர்கள் வீட்டில் மேசையும் நாற்காலியும் கிடையாது. பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்துத்தான் நாலு கோடு நோட்டில் எழுதுகிறார்கள். அந்த எழுத்து கோடு தாண்டினால் அது திமிரா?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. 29-ஆம் பிரிவு அச்சமில்லாத படிப்பைக் கேட்கிறது. எழுத வராமல் தவிக்கிற கற்றல் குறைபாட்டையும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டம் ஒத்துக்கொண்டதை வகுப்பறை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அழகாக எழுத வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். எனக்கும் ஆசைதான். அதைப் பழக்குங்கள். என்ன வேண்டும் என்று வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள், எல்லா டீச்சருக்கும் ஒரே மாதிரி. போன மாதம் அவள் எழுதியதோடு இந்த மாதம் எழுதியதை வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பிள்ளை நோட்டோடு வேண்டாம். விடைக்கு உண்டான மார்க்கை விடைக்குக் கொடுங்கள், கையெழுத்துக்குத் தனியாகப் போடுங்கள். எழுதிய தாளைப் பிள்ளையின் கண்ணெதிரே கிழிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்துகிற வரைக்கும் பள்ளி வாசலில் வந்து கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.