வால்வைத் திறப்பது யார் என்று கேளுங்கள்

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கும் வார்டு உறுப்பினர் தேர்தலுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான் உண்டு. அதனால் தலைவர் பதவிக்கு நிற்பவர் பூட்டு சாவியோடு வருவார், ஆட்டோவோடு வருவார். தேர்தல் அறிக்கையோடு வரமாட்டார். வேட்புமனுவில் சொத்துக் கணக்கு இருக்கும், வழக்கு விவரம் இருக்கும். சுடுகாட்டுப் பாதையைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது எந்தத் தாளிலும் இருக்காது.

2019 டிசம்பர் தேர்தலில் இண்டூர் பக்கத்து ஊர்களில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் நம் ஆட்கள் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்களுக்கு என்ன செய்வீங்க?" பதிலும் ஒன்றுதான்: "எனக்கு ஊரும் காலனியும் ஒண்ணுதாங்க." கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. ஐந்து வருடம் ஓடிவிட்டது. அந்தத் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. 2016-லும் இதேதான் நடந்தது. அப்போது மூன்று வருடத்துக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே இல்லாமல் ஓட்டினார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இ பிரிவு சொல்கிறது. அது தனிச் சண்டை, நடத்த வேண்டிய சண்டை. அதற்கிடையில் நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அடுத்த முறை கேள்வியை மாற்றுவது.

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். பெரிதாகக் கேட்டால் தப்பித்துக்கொள்வார்கள். பஞ்சமி நிலம் பற்றி ஊராட்சித் தலைவர் வேட்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். "அது தாசில்தார் வேலைங்க" என்பார். அவர் சொல்வது சரிதான், நிலமும் பட்டாவும் வருவாய்த்துறை சங்கதி. கேள்வி அவர் கையில் இருப்பதைப் பிடிக்க வேண்டும். அவர் கையில் என்ன இருக்கிறது? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ஐ எடுத்து 110-ஆவது பிரிவைப் படியுங்கள். ஊர்ச் சாலை, தெருவிளக்கு, சாக்கடைக் கால்வாய், தெருத் துப்புரவு, பொதுக் கழிப்பிடம், சுடுகாடு இடுகாடு, குடிநீர். இவை ஊராட்சியின் கட்டாயக் கடமைகள். விருப்பமிருந்தால் செய்யக்கூடியவை 111-இல் தனியாக இருக்கின்றன. காலனித் தெருவுக்கு விளக்குப் போடுவதை ஏதோ தயவு போலப் பேசும் வேட்பாளரிடம் இந்த ஒரு பிரிவைக் காட்டினாலே போதும், பேச்சின் தொனி மாறும்.

(காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஊரில் எல்லாரும் சொல்லும் சொல் அது என்பதால் நானும் இங்கே அதையே எழுதுகிறேன். உங்கள் தெருவுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பதையும் வேட்பாளரிடம் கேட்டு வையுங்கள். முகம் போகும் போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.)

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். தர்மபுரி மாவட்டத்தில் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல் கறை பிடித்தவர்களையும் எலும்பு வளைந்தவர்களையும் பார்க்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் குழாயில் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி வரை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் போகும் என்பதைச் சென்னையில் இருக்கும் எந்த அதிகாரியும் முடிவு செய்வதில்லை. முடிவு செய்கிறவர் வால்வைத் திறக்கும் டேங்க் ஆபரேட்டர். அவர் ஊராட்சியின் ஆள். ஊர்த் தெருவுக்குக் காலையில் காவிரி, காலனிக்கு மதியத்தில் போர்வெல் என்றால் அந்த முடிவு ஊராட்சிக்குள் எடுக்கப்பட்டது. யாரும் தீர்மானம் போட்டு எடுத்திருக்க மாட்டார்கள், அப்படியே பழக்கமாகியிருக்கும்.

ஆகவே "தண்ணீர் தருவீர்களா" என்று கேட்காதீர்கள். தரமாட்டேன் என்று யார் சொல்வார்? இப்படிக் கேளுங்கள்: நீங்கள் தலைவரானால் எங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும்? அந்த நேரத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைப்பீர்களா? குழாய் வரிசையில் நாங்கள் கடைசியில் இருக்கிறோம், கடைசிக் குழாய்க்கு வேகம் வராது, முறையை மாற்றி ஒரு நாள் எங்கள் பக்கமிருந்து திறப்பீர்களா? தொட்டியைக் கழுவும் தேதியை எழுதிப் போடுவீர்களா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே வந்தது. அதன் பிறகும் தொட்டியின் பூட்டையும் ஏணியையும் பற்றிக் கேட்பது அதிகப்படியான சந்தேகம் என்று யாராவது சொன்னால், அவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

சுடுகாட்டுப் பாதைக்கு ஒரே கேள்விதான். பாதை பட்டா நிலத்தின் வழியாகப் போகிறது, நிலக்காரர் மறிக்கிறார், பிணம் நடுவழியில் நிற்கிறது. அன்று நீங்கள் எங்கே நிற்பீர்கள்? "பேசித் தீர்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அதற்கு அர்த்தம் நமக்குத் தெரியும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு முறை கெஞ்ச வேண்டும் என்று அர்த்தம்.

இனி நம் இளைஞர்கள் அதிகம் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன். துணைத் தலைவர். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் ஒப்புதல் தர வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தனி ஊராட்சியில் தலித் பெண் ஒருவர் தலைவராக ஜெயிக்கிறார். வார்டு உறுப்பினர்களில் பெரும்பான்மை ஆதிக்க சாதி, அவர்கள் தங்கள் ஆளைத் துணைத் தலைவராக்குகிறார்கள். அவர் கையெழுத்துப் போடமாட்டார். தெருவிளக்கு பல்பு கூட வாங்க முடியாது. ஆறு மாதத்தில் "இவங்களுக்கு நிர்வாகம் தெரியல" என்று பேச்சு கிளம்பும்.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியானபோது நாடே பார்த்தது. அங்கும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் துணைத் தலைவர் இருந்தார். நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுக்க முடிகிறது. போடப்படாத கையெழுத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

ஆகவே வார்டு உறுப்பினர் வேட்பாளரைச் சின்ன ஆள் என்று விட்டுவிடாதீர்கள். துணைத் தலைவர் தேர்வில் உங்கள் ஓட்டு யாருக்கு? நீங்களே துணைத் தலைவரானால், தீர்மானம் நிறைவேறிய வேலைக்கு எத்தனை நாளில் கையெழுத்துப் போடுவீர்கள்? எங்கள் கேள்விகளிலேயே இதற்குத்தான் அதிகம் நெளிவார்கள்.

நம் சாதியைச் சேர்ந்த வேட்பாளரிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வருகிறது. தனித் தொகுதியில் யாரை நிறுத்துவது என்பதை ஊர்ப் பெரியதனக்காரர்கள் தோட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்வதும், அவர்களிடம் பண்ணையம் பார்ப்பவரையே நிறுத்துவதும் நாம் பார்க்காததா? அவரைத் திட்டிப் பயனில்லை, அவர் சோறு அங்கே இருக்கிறது. ஆனால் கேள்வியை அவர் முன் வைத்தால், பதில் சொல்வது அவரா, பின்னால் நிற்பவரா என்று தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் நான்கிலும் 1996 முதல் பத்து ஆண்டுகள் தனித் தொகுதித் தேர்தலே நடக்கவிடவில்லை, அல்லது ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அது உடைந்தது. மேலவளவு முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டது இந்தத் தலைவர் பதவிக்காகத்தான். அந்த விலை கொடுத்து வந்த பதவியில் உட்காரப் போகிறவரிடம் நாலு கேள்வி கேட்பது அவமரியாதை ஆகாது.

"கிராமத்தில் போய் ஜனநாயகம் தேடுகிறீர்களே, அம்பேத்கர் என்ன சொன்னார்?" என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. தெரியும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை ஆட்சியின் அலகாக்க மறுத்து அவர் பேசியது இன்றும் நத்தத்துக்கும் அண்ணாநகருக்கும் கொண்டம்பட்டிக்கும் பொருந்தும். 2012 நவம்பர் 7 அன்று அங்கே எரிந்த வீடுகள் இருநூறுக்கும் மேல். ஆனால் 1993-இல் 73-ஆவது திருத்தம் அமலுக்கு வந்துவிட்டது. பணமும் அதிகாரமும் ஊராட்சிக்கு வந்துவிட்டன. நாம் விலகி நின்றால் அவை திரும்பிப் போய்விடாது, மேலத்தெருவிலேயே தங்கிவிடும்.

நத்தத்தைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளைகளின் விஷயத்தில் ஊரைக் கூட்டினால் நீங்கள் போய் உட்காருவீர்களா? இதையும் கேளுங்கள். வயது வந்த இருவரின் திருமணத்தில் ஊர்க்கூட்டம் தலையிடுவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் சொல்லிவிட்டது. தலைவராக வரப்போகிறவருக்கு அது தெரிந்திருக்கட்டும்.

எப்படிக் கேட்பது? பிரச்சார வண்டி நிற்கும்போது கூட்டத்துக்கு நடுவே கத்திக் கேட்காதீர்கள், மேளச் சத்தத்தில் போய்விடும். ஒருவர் மட்டும் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். ஓட்டு எண்ணிய பிறகு அந்த ஒருவர்தான் மாட்டுவார். ஐந்தாறு பேர், அதில் பாதிப் பேராவது பெண்கள், வேட்பாளரின் வீட்டுக்கோ அவர் நம் தெருவுக்கு வரும் நேரத்துக்கோ சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். 100 நாள் வேலைக்குப் போகும் அக்காக்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை என்ற கணக்கு அவர்கள் விரலில் இருக்கிறது. பதிலை நோட்டில் எழுதுங்கள், எழுதியதை அவர் முன்னாலேயே படித்துக் காட்டுங்கள். எல்லா வேட்பாளருக்கும் அதே கேள்விகள். பேச மறுத்தவர் பெயருக்கு நேரே "பேசவில்லை" என்று மட்டும் எழுதுங்கள், திட்டி எழுதாதீர்கள். பிறகு தெருவில் எல்லாவற்றையும் உரக்கப் படியுங்கள்.

நோட்டை ஓட்டு முடிந்ததும் பரணில் போட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் இருக்கும் காலத்திலும் அதே கேள்விகளை அங்கே கேட்கலாம், அங்கே போட்ட தீர்மானத்தின் நகலை வாங்கி அதே நோட்டில் ஒட்டலாம். முதலில் ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்: கிராம சபை எங்கே, எத்தனை மணிக்கு என்ற அறிவிப்பு உங்கள் தெருவில் ஒட்டியிருக்கிறதா, ஊர்க் கோயில் பக்கம் மட்டும்தானா?