பன்னிரண்டு சட்டை உரித்த பிள்ளை

பழவேற்காட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு இறால் கொண்டு வரும் ஆயாவிடம் போன மாதம் விலை கேட்டுத் திடுக்கிட்டேன்.

“ஏன் ஆயா, இது எறாவா, தங்கமா?”

“முகத்துவாரம் தூந்து போச்சும்மா. குஞ்சு உள்ளே வந்தாத்தானே எறா!” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குப் புரியவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே கிடக்கும் அந்த ஏரியில் அகப்படும் இறால், ஏரியிலேதானே பிறக்க வேண்டும்? புத்தகத்தைப் புரட்டினேன். ஆயா சொன்னதுதான் சரி!

வெள்ளை இறாலானாலும் வரி இறாலானாலும் முட்டையிடுவது கடலில்தான். லட்சக்கணக்கில் முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தாய் போய்விடுகிறாள். தொட்டிலும் இல்லை, தாலாட்டும் இல்லை. மறுநாளே முட்டையிலிருந்து வெளிவருவது இறாலைப் போலவா இருக்கிறது? ஒற்றைக் கண், மூன்று ஜோடிக் கால்கள். கசகசாவை விடச் சிறிய ஒரு துளி! இதற்கு நாப்ளியஸ் என்று பெயர். இம்மாதிரித் துளி ஒன்றைத் தனி ஜந்து என்று எண்ணி, டென்மார்க் தேசத்து ஓட்டோ முல்லர் வைத்து, 1785-இல் வெளியான பெயர் அது. இறாலும் இந்த வேஷத்தில்தான் பிறக்கிறது என்பதை 1863-இல் வெளியிட்டவர், பிரேசிலில் குடியேறியிருந்த ஃபிரிட்ஸ் முல்லர்.

நாப்ளியஸ் ஒன்றும் சாப்பிடுவதில்லை. தாய் முட்டைக்குள் கட்டிக்கொடுத்த கருவே இரண்டு நாளைக்குப் போதும். அதற்குள் ஆறு தடவை சட்டை உரித்துவிடுகிறது. அடுத்த வேஷம் ஜோயியா. இப்போது பசியோ பசி! கண்ணுக்குத் தெரியாத பாசிகளை ஓயாமல் தின்கிறது. வாலுக்குப் பின்னால் மலம் நூல் மாதிரித் தொங்கும். குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் அந்த நூலைப் பார்த்தால்தான் நிம்மதி அடைவார்களாம். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது வேஷம் மைசிஸ். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பின்பக்கமாக நீந்துகிற விசித்திரம்! இந்த இரண்டு வேஷத்திலும் மும்மூன்று சட்டை. ஆக, 12 சட்டை உரித்து, பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்த பிறகே இறால் முகம் தெரிகிறது.

அந்தக் குஞ்சு ஏறுகிற ஓதத்தோடு ஏரிக்குள் நுழைய வேண்டும். ஆழமில்லாத அந்தத் தண்ணீரில் தீனிக்குக் குறைவில்லை. சில மாதம் வளர்ந்த பின் முட்டையிட மறுபடி கடலுக்குப் போக வேண்டும். வரவும் போகவும் பழவேற்காட்டுப் பக்கம் இருக்கிற வாசல் அந்த முகத்துவாரந்தான். அதை அலை மணலைக் கொட்டி அடைத்துவிடுகிறது. மீனவர்களே கூடி மணலை வெட்டித் திறந்ததும் உண்டு.

படகும் வலையும் இல்லாத இருளர் பெண்கள் அந்த ஏரியில் தண்ணீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். குஞ்சு வராத பருவத்தில் அந்தக் கைக்கு அகப்படுவது வெறும் சேறுதான்.

நேற்று ஆயா வந்தாள். விலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

“முகத்துவாரம் என்ன ஆச்சு, ஆயா?”

“வெட்டிக்கிட்டிருக்காங்கம்மா” என்று கூறு கட்டத் தொடங்கினாள்.