நாய்க்கும் ஒரு நடுகல்

“வீட்டு நாய் இறந்தால் எட்டுச் செலவு செய்யலாமோ?” என்று சில கிழமைகளுக்கு முன் மாணவர் ஒருவர் என்னை வினவினார். வகுப்பிலிருந்த ஏனையோர் நகைத்தனர். யான் நகைத்திலேன். பன்னிரண்டு ஆண்டு ஒரு வீட்டின் படலையைக் காத்த உயிருக்கு எங்ஙனம் விடைகொடுப்பது என்பது நகைப்புக்குரிய வினாவன்று.

நம்மவருள் ஒரு சாரார் இறந்த நாயை உரப்பையிலிட்டு, ஒழுங்கை முடிவிலுள்ள பற்றைக்குள் எறிந்துவிட்டு மீள்கின்றனர். மற்றொரு சாரார் சீமெந்தினாற் சமாதி கட்டி, மனிதர்க்குரிய கிரியை முழுவதையும் செய்விக்க விழைகின்றனர். முன்னையது நன்றியின்மை. பின்னையது அன்பே எனினும் இடமறியாத அன்பு. அந்தியேட்டி முதலியன வழித்தோன்றினோர் தம் முன்னோர்க்கு இறுக்கும் கடன். நாய் நமக்கு முன்னோனன்று, தோழன். தோழனுக்குச் செய்யும் சிறப்பு வேறு. அது தமிழர்க்குப் புதியதும் அன்று.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலே, மகேந்திரவர்ம பல்லவனது 34ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பெற்ற நடுகல் ஒன்றுண்டு. எருமைகளைக் காக்கப் பொருது பட்ட கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனருகே அவனுடைய நாயும் செதுக்கப்பெற்றுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அங்குள்ள வட்டெழுத்துக் கூறுகின்றது. அவ்வளவே. புலம்பல் இல்லை, புனைந்துரையும் இல்லை. ஏறத்தாழ 1400 ஆண்டு கழிந்தும் அந்நாயின் பெயரை நாம் அறிவோம். அக்காலத்து வாழ்ந்த எத்தனை செல்வர் பெயரை அறிவோம்? இந்தளூரிலே போர்ச்சேவல் ஒன்றுக்கும் கல் உண்டு. அச்சேவலின் பெயர் பொற்கொற்றி.

கன்னட நாட்டு ஆதகூர்க் கல் இன்னும் வியப்புடையது. 949ஆம் ஆண்டுத் தக்கோலப் போரிலே இராசாதித்த சோழன் பட்ட செய்தியைக் கூறும் அக்கல்லே, காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியொன்றோடு பொருது இரண்டும் ஒருங்கே மடிந்தமையையும் கூறுகின்றது. வேந்தர் போர் எழுத்தளவில் அமைய, உருவாய் மேலே நிற்பன நாயும் பன்றியுமே!

நம் நாட்டிலோ, 1988இல் இறந்த தலதா மாளிகை யானை இராசாவின் உடல் பதனிடப்பெற்றுக் கண்டியிலே காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளது. 2022இல் இறந்த நடுங்கமுவ இராசாவின் உடலையும் அவ்வாறே பேணுமாறு அரசு பணித்தது. பல்லாயிரவர் கைகூப்பி நின்ற யானைகளுக்கு அது பொருந்தலாம். வீட்டு உயிருக்கு மண்ணே பொருத்தம்.

மண்ணும் வாய்க்காத காலம் ஒன்றிருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் மணியன் படலையடியில் நின்றான். (நாயை ‘நின்றான்’ என்றது வழுவன்று; உவப்பினாலே திணை மயங்குவதை நன்னூலார் அமைத்துக்கொண்டார்.) மறுஆண்டு சித்திரையில் மீண்டோம். படலை இருந்தது, மணியன் இல்லை. எலும்பும் கிடைத்திலது. என் தாயார் ஒருவரோடும் ஆலோசியாது, அவன் படுக்கும் இடத்திலே ஓர் எலுமிச்சங்கன்றை நட்டார். அது இன்றும் எங்கள் வீட்டில் ‘மணியன் எலுமிச்சை’தான். அவனைக் கண்டறியாத என் பிள்ளைகளும் “மணியனில் இரண்டு காய் பிடுங்கி வா” என்கின்றனர். உடலில்லாத இடத்தும் பெயரை நடலாம் என்பதை யான் அவரிடமே கற்றேன்.

உடல் உள்ளோர்க்குச் சில சொல்வேன். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புக்களின் வழியே அழுக்கு நீர் விரைந்து கிணற்றைச் சேரும். ஆதலாற் குழி கிணற்றினின்றும் இயன்ற அளவு தொலைவில் அமைதல் வேண்டும். பிற விலங்கு தோண்டாத ஆழமும் வேண்டும். பழைய பருத்திச் சேலையிற் சுற்றுக, பொலித்தீன் ஆகாது. விசர்நோய் கண்டு இறந்ததோ என்னும் ஐயம் எழின் உடலைத் தொடாது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்க்கு அறிவித்தல் வேண்டும். அன்பு மிக்க சிறுவரே முதலில் ஓடிச்சென்று தொடுவர். அவரைத் தடுப்பது பெரியோர் கடமை. காணியில்லாது வாடகை வீட்டில் இருப்போர், இசைந்த உறவினர் வளவிலே புதைப்பதும் தகும்.

மேலே ஒரு தென்னையோ மாவோ நடுக. கல்லும் வைக்க விரும்பினால் வைக்கலாம். எழுதுவதிலேதான் கவனம் வேண்டும். முப்பதாண்டாக யான் திருத்திவரும் கட்டுரைகளிலெல்லாம் “நாய் நன்றியுள்ள பிராணி, அதற்கு நான்கு கால்கள் உண்டு” என்றே வருகின்றது. அது எந்த நாய்க்கும் பொருந்தும். ஆதலால் ஒரு நாய்க்கும் பொருந்தாது. அம்மாணவர் வீட்டு நாய், தபாற்காரரைக் கண்டு குரைக்காது, அவருடைய மணியோசையைக் கேட்டே குரைக்குமாம். மணி பழுதான நாளில் அவர் அமைதியாக வந்து போவாராம். கோவிவனுக்கு எழுதியவன் இதையே எழுதியிருப்பான். பெயர், இறந்த ஆண்டு, தபாற்காரர் மணி: மூன்று வரி போதும் என்று அவரிடம் கூறினேன்.