அவை ஏறலாம், அங்காடி ஏறலாமா?

கயத்தாறு போன்ற ஊரில் பதின்மூன்று வயதுப் பிள்ளை இனிமையாகப் பாடினால், முன்பு பள்ளி ஆண்டு விழா மேடை கிடைக்கும். மிஞ்சினால் மீலாது விழா மேடை கிடைக்கும். இன்றோ ஒலிப்பதிவுக் கூடங்கள் அழைக்கின்றன. பெற்றோர் பணம் கட்டினால் பாட்டெழுதி, மெட்டமைத்து, படம் பிடித்து, யூடியூபில் ஏற்றிச் சந்தைக்கு விட்டுவிடுகிறார்கள். இது வளர்ச்சியா, அவசரமா?

பாட்டே வேண்டாம் என்னும் பெரியவர்கள் நம் சமுதாயத்தில் உளர். அவ்வழக்கை நான் ஈண்டு எடுக்கவில்லை. என் வினா, பிள்ளை பாடலாமா என்பதன்று. பிள்ளையின் பாட்டை விற்கலாமா என்பதே.

நமக்கு அண்மையிலுள்ள எட்டயபுரம் இதற்கு விடை கூறும். 1882இல் பிறந்த சுப்பிரமணியன், பதினோராம் வயதில் அங்கே புலவர் அவையில் 'பாரதி' என்னும் பட்டம் பெற்றார். ஆனால் அவர் கவிதை முதன்முதலாக அச்சேறியது 1904இல், மதுரை 'விவேகபானு' இதழில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நெல்லையிலும் காசியிலும் கற்றார், தந்தையை இழந்தார், வறுமையை அறிந்தார். அவை அவரை இளமையிலேயே வாழ்த்தியது. அச்சு அவர் வளரும்வரை காத்திருந்தது. அக்காத்திருப்பால் தமிழுக்கு இழப்பேதும் இல்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடவில்லையா எனக் கேட்பீர்கள். உண்மை. ஆனால் அவர் தாயார் மதுரை சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி வயலின் வாசித்தவர். அங்கே பயிற்சியின் பின் இசைத்தட்டு வந்தது. பயிற்சிக்குப் பதிலாக வரவில்லை.

பதிலாக வந்தால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 2011இல் ரெபெக்கா பிளாக் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமிக்காக அவர் தாயார் நாலாயிரம் டாலர் செலுத்த, ஒரு நிறுவனம் 'ஃபிரைடே' என்னும் பாடலை உருவாக்கி வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் பார்த்தனர்; பெரும்பாலோர் எள்ளி நகையாடினர்; கொலை மிரட்டலும் வந்தது. பள்ளியில் கேலி பொறுக்க இயலாமல் அவர் வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தது. பாட்டை எழுதியவர்கள் பெரியவர்கள். பழியைச் சுமந்தவர் சிறுமி. பள்ளி மேடையில் பிசகிய சுருதியை ஊர் மறுநாளே மறந்துவிடும். உலகெங்கும் பரவிய பதிவு மறக்க விடுவதில்லை.

சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் நம் நாட்டில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியற்றவர். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2017இல் வந்த விதிகள், குழந்தைக் கலைஞரின் வேலை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்தைத் தாண்டலாகாது என்கின்றன. வருவாயில் 20 விழுக்காடேனும் அக்குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக்கப்பட வேண்டும் என்கின்றன. ஆயின் அவை பதினான்கு வயதுக்குட்பட்டோர்க்கே உரியவை. மற்றவற்றைப் பெற்றோரின் மனச்சான்றே காக்க வேண்டும்.

அநாதைகளின் பொருளை அவர்கள் பக்குவம் அடையும்வரை காத்து, பின் அவர்களிடமே ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. பெற்றோர் உள்ள பிள்ளைக்கும் இந்நெறி பொருந்தாதா? பிள்ளையின் குரலும் பெயரும் நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா?

ஆகவே என் கருத்து இது: பிள்ளைகள் பாடட்டும்; ஆசிரியரிடம் முறையாகப் பயிலட்டும்; தம்மை அறிந்தோர் நிறைந்த அவையில் தயங்காது ஏறட்டும். விற்பனைக்கான பதிவு மட்டும், தம் கையெழுத்தைத் தாமே இடும் வயது வரை காத்திருக்கட்டும். வறுமையினால் முந்த நேரும் குடும்பத்தை நான் குறை கூறேன். அங்கும் மூன்றைக் காத்தல் வேண்டும்: படிப்பு தடைபடலாகாது, வருவாய் பிள்ளையின் பெயரிலேயே சேர வேண்டும், "எனக்கு வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால் அச்சொல் செல்ல வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை பாடும்போது முதலில் காது கொடுங்கள். விலை பேசுவதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.