கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியும் கைப்பேசிக் குழுவும்

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மரக்காணத்து உப்பளங்களை அண்டி, வங்கக் கடலைப் பார்த்து அமைந்திருக்கும் எக்கியார்குப்பம், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே விரையும் பிரயாணிகளில் பெரும்பாலோர் கவனியாமல் கடந்துபோகும் மீனவக் கிராமம். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைப் பலிகொண்டபோதுதான் அதன் பெயர் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டது. துக்கத்தின் பொருட்டு மட்டும் ஓர் ஊரை நினைவில் வைத்திருப்பது நியாயமன்று. அரசாங்க அலுவலகங்கள் தமக்குள்ளே எவ்வாறு செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும், எவ்வாறு கூடி வேலை செய்ய வேண்டும் என்பதை ஆராயப் புகுகிறவர், தலைமைச் செயலகத்தின் மாடிகளை விட்டு இத்தகைய குப்பம் ஒன்றிலிருந்து தொடங்குவதே முறையென்று கருதுகிறேன்.

ஏனெனில், இங்கே ஒரே குடும்பத்தில் கணவர் கடலுக்கும் மனைவி உப்பளத்துக்கும் போகிறவர்களாயின், அக்குடும்பத்தின் வாழ்வு எத்தனை இலாகாக்களின் கையில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்குரிய நிவாரணம் மீன்வளத் துறையைச் சார்ந்தது; மழை தொடங்கி உப்பெடுப்பு நின்றுபோகும் மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு வழங்கப்படும் 5,000 ரூபாய்க்கு வேறொரு பட்டியல் வேண்டும்; புயல் எச்சரிக்கையும் முகாமும் வருவாய்த் துறையின் பொறுப்பு; காய்ச்சலும் தடுப்பூசியும் சுகாதாரத் துறையின் பொறுப்பு; அறுந்த கம்பி மின்வாரியத்தினுடையது. இவர்கள் அனைவரும் ஒருவர்க்கொருவர் காலத்தில் சொல்லிக்கொண்டால் ஒழிய, ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டியது முழுமையாகவும் ஒழுங்காகவும் போய்ச் சேராது. கூட்டுப்பணி மென்பொருள் என்று இன்று சொல்லப்படும் சாதனத்தின் பிரயோஜனத்தை உரைத்துப் பார்க்க இதனினும் நல்ல உரைகல் இல்லை.

அந்தப் பரிமாற்றம் இன்று பெரும்பாலும் எங்கே நடைபெறுகிறது? வாட்ஸ்அப் குழுக்களில் நடைபெறுகிறது. காலையில் மேலதிகாரி ஒரு சுற்றறிக்கையைப் பி.டி.எஃப்.ஆக அனுப்புகிறார், ‘நோட்டட் சார்’, ‘ஓகே சார்’ என்னும் பதில்கள் வரிசையாக அதன்மேல் குவிகின்றன, நடுவே ஒரு காலை வணக்கப் படமும் யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் வந்து சேர்கின்றன, பிற்பகலில் அதே சுற்றறிக்கைக்கு ஒரு திருத்தம் வருகிறது, மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை வேண்டுமென்ற கட்டளை மேலே எங்கோ புதைந்துபோகிறது. நிவாரணப் பட்டியல் தயாராகும் நாட்களில், ஆதார் அட்டையும் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கமும் படமெடுக்கப்பட்டு, அந்தப் பயனாளியோடு யாதொரு சம்பந்தமும் இல்லாதவர்களும் அங்கம் வகிக்கும் குழுவில் இடப்படுகின்றன. அப்படங்கள் அக்கணமே பல கைப்பேசிகளில் தாமாகவே இறங்கிக்கொள்கின்றன. தன் கணக்கு எண்ணை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பதை வரிசையில் நின்ற அம்மாள் அறியாள். அனுப்பிய ஊழியரும் அறியார்.

இந்த நிலைமையை நான் ஊழியரின் ஒழுக்கக் குறைவாகக் கருதவில்லை. கையில் இருக்கும் கருவியைக் கொண்டு, சொந்தக் கைப்பேசியில், சொந்தச் செலவில், நேரங்காலம் பாராமல் அவர்கள் அரசாங்கத்தின் வேலையைச் செய்துவருகிறார்கள். குற்றம் முறையின் பேரில் உள்ளது. அந்த முறை நமக்குப் புதிதுமன்று. 1980ஆம் ஆண்டின் இறுதிவரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் நிலத்தின் வரலாறும் வரியின் கணக்கும் கர்ணம் என்ற கணக்குப்பிள்ளையின் கைவசத்தில் இருந்தன. அடங்கல், சிட்டா என்னும் நிலப் பதிவேடுகள் அவர் வீட்டுப் பெட்டியில் உறங்கின. குடியானவன் தன் நிலத்தைப் பற்றிய தகவலுக்கு அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தான். எம்.ஜி.ஆர். ஆட்சி ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அப்பகுதிநேரப் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் என்னும் முழுநேர உத்தியோகத்தை ஏற்படுத்திற்று. 1981இல் அது சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. பதவி இழந்தவர்களின் கஷ்டம் வேறு விஷயம். பொதுக் கணக்கு ஒரு தனி மனிதரின் வீட்டில் இருக்கலாகாது, காரியாலயத்தில் இருக்க வேண்டும் என்ற தத்துவம் அன்று நிலைநாட்டப்பட்டது. இன்று அதே பொதுக் கணக்கு, ஒருவரும் உத்தரவிடாமலே, ஒருவரும் யோசியாமலே, மீண்டும் தனி மனிதரின் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டி மரத்தாலானதாக இல்லாமல் சட்டைப்பைக்குள் அடங்குவதாக இருக்கிறது என்பதே வித்தியாசம். அதிகாரி மாற்றலாகிப் போகும்போது கைப்பேசியும் அவரோடு போகிறது. புதிதாக வருகிறவர் முந்தைய புயலின்போது எந்தத் தெருவில் முதலில் நீர் ஏறியது என்பதை மறுபடியும் ஆதியிலிருந்து விசாரித்தறிய வேண்டியவராகிறார்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ‘இ-ஆபீஸ்’ நம் மாநில அலுவலகங்களிலும் வந்திருக்கிறது. பேரிடர்க் காலத்துக்கென ‘டிஎன் ஸ்மார்ட்’ போன்ற செயலிகளும் இருக்கின்றன. மத்திய அரசு ஊழியர் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், தமிழ்நாட்டில் வேரூன்றித் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025இல் செய்தி வெளியாயிற்று. இவ்வளவு இருந்தும், வேலை வாட்ஸ்அப்பிலேயே நடப்பானேன்? ‘காகிதத்திலும் எழுது, திரையிலும் ஏற்று’ என்று இரட்டை வேலை கொடுத்தால் எந்த மனிதரும் புதிய கருவியைச் சுமையென்றே எண்ணுவார். திரை ஆங்கிலத்தில் பேசி, உபயோகிப்பவர் தமிழில் சிந்திக்கிறவராக இருந்தால், பயிற்சி ஒரு நாள் வகுப்போடும் தேநீரோடும் முடிந்துபோனால், மேலதிகாரியே கோப்பைத் திறவாமல் குழுவில் கட்டளையிட்டால், அந்த மென்பொருள் மாதாந்தர அறிக்கையில் மட்டும் உயிர் வாழும். ஊழியர் ஒரு சாதனத்தை ஏற்பது உத்தரவினால் அன்று. அது தம் வேலையைக் குறைக்கிறது என்ற பிரத்தியட்ச அனுபவத்தினாலும், அதில் தாம் எழுதுவது தமக்கே விரோதமாகத் திரும்பாது என்ற நம்பிக்கையினாலுமே.

இதற்கு நிதர்சனமான சான்று இதே கடற்கரையில், மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரிப் பகுதியில் இருக்கிறது. டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு ஆராய்ச்சி உதவியுடன், 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு நிலையங்களை நிறுவத் தொடங்கியது. இணையம் என்பது பெருநகரத்திலேயே அபூர்வமாயிருந்த காலம் அது. முதலில் கருவியை இறக்கிவிட்டுப் பிறகு உபயோகத்தைத் தேடாமல், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கிராமத்தாரிடமே கேட்டார்கள். வீராம்பட்டினத்து மீனவர்கள், நாளைக்குக் கடல் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டும் என்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயரக் கணிப்பு வில்லியனூரில் எடுக்கப்பட்டு, தமிழில் குரலாக்கப்பட்டு, வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. நெசவும் விவசாயமும் மீன்பிடியும் செய்கிறவர்களுக்கு வேண்டிய விலைகளும் அரசுத் திட்டங்களும் ‘நம்ம ஊரு செய்தி’ என்ற சிறு பத்திரிகையில் வந்தன.

அந்த முயற்சியில் நான் மிகவும் போற்றுவது ஒழுங்கு நிபந்தனைகளை. இடத்தையும் தொண்டர்களையும் ஊரே தர வேண்டும். தொண்டர்களில் பெண்கள் இருக்க வேண்டும். சாதி வித்தியாசமின்றி, தலித் மக்கள் உட்பட எல்லோரும் தடையின்றி உள்ளே வர வேண்டும். இதற்குச் சம்மதியாத ஊரில் நிலையம் இல்லை. யார் நுழையலாம், யார் பொறுப்பு, எது எல்லோருக்கும் பொது என்பதெல்லாம் முதல் கணினி வருமுன்பே பேசித் தீர்க்கப்பட்டன. ஆளுகை என்ற பெரிய சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

பலன் 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு கிராமத்தின் நிலையத்தில் முன்பு தொண்டராக இருந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியை அங்கே தொலைக்காட்சியில் கண்டதும் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார்; ஊரார் நிலையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்; ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த கிராமம் மேட்டுக்கு விலகி உயிர் தப்பிற்று. வீடுகளும் படகுகளும் அழிந்தன; மனிதர்கள் பிழைத்தார்கள். அந்த ஒலிபெருக்கி அன்றாடம் பேசிப் பழகிய ஒன்றாக இல்லாமல், ஆபத்துக்கென்று மூலையில் வைக்கப்பட்டிருந்த ஒன்றாக இருந்திருந்தால், அன்று காலை அது சொன்னதை எத்தனை பேர் நம்பி ஓடியிருப்பார்கள்? தினசரி உபயோகமே விசுவாசத்தை வளர்க்கிறது. அந்த விசுவாசமே அவசர காலத்தில் பலன் தருகிறது. ஒரு சாதனத்தை ஜனங்கள் ஏற்பதும் அதனை ஒழுங்காக நிர்வகிப்பதும் இரண்டு வேலைகள் அல்ல, ஒன்றேயாகிய வேலை.

புயல் இரவில் கோப்பு எழுதிக்கொண்டிருக்க முடியுமா, வாட்ஸ்அப்பின் வேகம் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2020 நவம்பரில் நிவர் புயல் இப்பகுதியில் கரை கடந்தபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரியருகே கரையேறி நகராமல் நின்று, மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியபோதும், ஊழியர்கள் அந்தச் சிறு திரைகளைக் கொண்டு செய்த சேவையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அவசரச் செய்தி எந்த வழியிலும் போகலாம். ஆனால் அந்த வழியில் எடுக்கப்பட்ட முடிவு மறுநாள் கோப்பில் ஏற வேண்டும் என்பதே விதியாக வேண்டும். இதனைப் புதுமையென்று யாரும் மலைக்க வேண்டாம். வரும் தபாலுக்கு எண் இட்டு, தன்பதிவேட்டில் ஏற்றி, மேலாளர் அதனைக் காலந்தவறாமல் தணிக்கை செய்து, நிலுவை எதுவென்று கேட்கும் மரபு நம் அலுவலகங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. மென்பொருள் அந்த மரபுக்கு வாரிசாக வர வேண்டும். அதனைத் தின்றுவிடுவதாக வரலாகாது.

சட்டமும் இதனையே கேட்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், மின்னஞ்சலையும் மின்னணு வடிவில் உள்ள தரவுகளையும் தகவல் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆயினும், சொந்தக் கைப்பேசியில் அழிக்கப்பட்ட உரையாடலை எந்த மனுதாரர் எங்கே போய்த் தேடுவார்? அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மீனவப் பெண்ணின் பாஸ்புக் பக்கம் ஒரு குழுவில் பறந்துகொண்டிருக்கையில் இந்தச் சட்டங்கள் புத்தகத்தில் இருப்பதால் மாத்திரம் அவளுக்கு என்ன க்ஷேமம்? ஊழியருக்கும் ஓர் உரிமை உண்டு. வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்சு நாடு 2017 முதல் சட்டத்தில் வைத்திருக்கிறது. புயல் நீங்கலாக, இரவு பத்து மணிக்கு வரும் படிவத்துக்கு இரவே விடை தர வேண்டுமென்ற நிர்ப்பந்தம் எந்த மென்பொருளையும் வெறுக்கச் செய்துவிடும்.

ஆகவே மரக்காணம் வட்டத்தை ஒரு பரீட்சைக் களமாக எடுத்துக்கொண்டு சில காரியங்களைச் செய்யலாம் என்பது என் யோசனை. மீன்வளம், வருவாய், சுகாதாரம், தொழிலாளர் நலம் ஆகிய துறைகளின் கீழ்மட்ட ஊழியர் அனைவருக்கும் அரசே கருவியும் இணையச் செலவும் தர வேண்டும். தனி மனிதரின் எண்ணை விட்டுப் பதவியின் பெயரால் கணக்கு அமைய வேண்டும், அதனால் மாற்றல் வந்தாலும் நினைவு காரியாலயத்திலேயே தங்கும். ஒவ்வொரு குழுவுக்கும் நோக்கமும் பொறுப்பாளரும் முடிவு நாளும் எழுதிவைக்கப்பட வேண்டும். ஆதாரும் வங்கி எண்ணும் எந்தக் குழுவிலும் இடப்படலாகாது. அவை உரியவர் மட்டுமே திறக்கக்கூடிய பதிவேட்டில் ஏற வேண்டும், திறந்தவர் யார் என்பதும் பதிவாக வேண்டும். திரையில் ஏற்றியதைக் காகிதத்தில் மறுபடி கேட்கக் கூடாது. திரை தமிழில் இருக்க வேண்டும். பயிற்சி, அதே வேலையைச் செய்யும் சக ஊழியரால், வேலை நடக்கும் இடத்திலேயே, பல வாரங்கள் தரப்பட வேண்டும். மின்கம்பமும் கைப்பேசிக் கோபுரமும் சாயும் நாளுக்காக ஒவ்வொரு குப்பத்திலும் ஓர் ஒலிபெருக்கி அன்றாடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த விதிகளை வகுக்கும் மேசையில் கிராம நிர்வாக அலுவலரும், கிராம சுகாதார செவிலியரும், எக்கியார்குப்பத்து மீனவப் பஞ்சாயத்தாரும், உப்பளத்துப் பெண் ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவற்றில் பெரும் பொருட்செலவை வேண்டுவது ஒன்றுமில்லை. வேண்டுவது சிரத்தையும், மேலதிகாரி தாமே முதலில் அந்த விதிக்கு அடங்கி நடப்பதும்தான். மாவட்ட ஆட்சியர் தம் கட்டளையைக் கோப்பின் வழியே அனுப்பத் தொடங்கும் நாளில் வட்டாட்சியரும் அவ்வாறே அனுப்புவார். அவர் அனுப்பினால் கிராம நிர்வாக அலுவலர் கோப்பைத் திறப்பார். கணக்குப்பிள்ளையின் பெட்டியைத் திறக்க நமக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. கைப்பேசிக்குள் புகுந்துவிட்ட பொதுக் கணக்கை மீட்க ஓர் அரசாணையும் அதனை மதித்து நடக்கும் மேலதிகாரிகளும் போதும். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அந்த ஆணையைப் பிறப்பிக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.