ஓட்டைக் காலணா: எந்த ஓட்டை?

‘ஓட்டைக் காலணா’ என்னும் தொடர் தமிழ் வழக்கில் மதிப்பற்றது என்ற பொருளில் ஆளப்பெறுகிறது. இதன் தோற்றத்தை 1943இல் வெளிவந்த துளையிட்ட வெண்கல நாணயத்தோடு இணைத்துவிடுவது எளிது. அந்நாணயத்தின் வரலாறு அதற்கு அவ்வளவு எளிதாக இடந்தரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் செம்பு தோட்டா உறைகளுக்கும் நிக்கல் கவச எஃகிற்கும் தேவைப்பட்டன. பிரித்தானிய இந்திய அரசு நாணயத்துக்கு நாணயம் வெவ்வேறு வழியைக் கையாண்டது. 1940இல் ரூபாயிலிருந்த வெள்ளி பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து பாதியாகக் குறைந்தது. 1942 முதல் அணா நாணயங்களில் செம்பு-நிக்கல் கலவையின் இடத்தில் நிக்கல் கலந்த பித்தளை புகுந்தது. நிறம் மஞ்சளாயினும் ஓரணாவின் நெளிவிளிம்பும் இரண்டணாவின் சதுர வடிவும் மாறவில்லை. காலணாவிலோ உலோகம் மாறாது, அதன் அளவு குறைந்தது. ஏறத்தாழ 4.86 கிராம் இருந்த நாணயம் சுமார் 2 கிராமாயிற்று. நடுவில் துளை விழுந்தது. அரசர் தலை நீங்கி முடி மட்டும் எஞ்சியது. பழைய நாணயத்தில் ‘கால் அணா’ என்றிருந்த பொறிப்பு, புதியதில் ‘பைஸ்’ என்றாயிற்று. காலணா என்ற பெயரை விடாது காத்தவர்கள் மக்களே.

ஆனால் அதன் மதிப்பு குறையவில்லை. அதுவும் பழைய காலணாவைப் போலவே ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. வெள்ளியில் ஏறத்தாழப் பாதியை இழந்த ரூபாயும் உள்ளீட்டில் பெரிதும் தாழ்ந்தது. எனினும் துளை கண்ணுக்குத் தெரியும், வெள்ளிக் குறைவு தெரியாது.

இன்னொரு துளையும் உண்டு. மாலையாகக் கோக்கவும் குழந்தைக்கு அணிவிக்கவும் உடைமையாளரே நாணயத்தில் இட்ட துளை அது. கடைக்காரர் வாங்க மறுக்கக் காரணமாவது இத்தகைய துளையே. ஆதலின் இழிவுப் பொருளுக்கு இதுவே கூடுதலாகப் பொருந்துகிறது.

ஆகவே, 1943க்கு முற்பட்ட இதழ், நாவல், நாடக அச்சுகளில் இத்தொடரைத் தேடாமல் சொற்பிறப்புக் குறிப்பு எழுதுவது முறையன்று. முற்பட்ட சான்று ஒன்றேனும் கிடைத்தால் போர்க்கால விளக்கம் வீழும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தவை. தேடலை அங்கிருந்து தொடங்கலாம். எனினும் பேச்சுத் தொடர்கள் பல அகராதி ஏறுவதில்லை. அங்கு இல்லாமை மட்டும் 1943க்குச் சான்றாகாது.