வெறிநோய் ஊசி நாளில் ஒரு மில்லி ரத்தமும் எடுப்போம்

பள்ளத்தூரில் மாலை 6 மணிக்கு ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். பூட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முகப்பில் காவல்காரர் உட்கார்ந்திருப்பார், அவர் காலடியில் ஒரு நாய் படுத்திருக்கும். ஊரைத் தாண்டினால் ஆட்டுக்கிடையிலும் பம்புசெட்டு அறை வாசலிலும் இதே காட்சிதான். கொசு கிளம்பும் நேரமும் அதுதான். காவல்காரர் கொசுவத்தி கொளுத்திக்கொள்வார். நாய் காதை உதறிக்கொண்டு கிடக்கும்.

நாய்க்கு உண்ணி இருக்கிறதா என்று பார்க்கிறோம். சொறி வந்தால் வேப்பெண்ணெய் தடவுகிறோம். கொசுக்கடியை மட்டும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஆனால் கொசு வழியாக நாயின் உடம்புக்குள் போகும் புழுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இதயத்துக்குப் போகும், இன்னொன்று தோலுக்கு அடியில் தங்கும். இரண்டையும் பற்றி நாயும் ஆடும் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் புழுக்களை யானைக்கால் நோய்ப் புழுவின் பங்காளிகள் என்று சொல்லலாம். யானைக்கால் நோய் உள்ள பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வந்து விரல் நுனியில் ரத்தம் எடுப்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கொசு கடிக்கும் நேரத்தில்தான் புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் மேலே வரும் என்பதால் அப்படி. நாயின் இதயப்புழுக் குஞ்சுகளும் மாலைக்கு மேல்தான் ரத்தத்தில் அதிகம் தென்படும்.

இதயப்புழு உள்ள நாயைக் கடித்த கொசுவின் உடம்பில் அந்தக் குஞ்சுகள் இரண்டு வாரம் போல வளர்கின்றன. அதே கொசு வேறு நாயைக் கடிக்கும்போது உள்ளே இறங்குகின்றன. ஆறு, ஏழு மாதத்தில் நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் முழுப் புழுவாகிவிடும். பெண் புழு 30 சென்டிமீட்டர் வரை வளரும், அதாவது ஒரு சாணுக்கும் மேல். ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை உள்ளேயே உயிரோடு இருக்கும்.

முதலில் வெளியே எதுவும் தெரியாது. பிறகு நாய் இருமும். முன்பு ஆட்டின் பின்னால் நாளெல்லாம் ஓடிய நாய் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். உடம்பு இளைக்கும், முற்றினால் வயிற்றில் நீர் கோக்கும். ‘வயசாயிடுச்சு’, ‘வெயில் தாங்கலை’ என்று நாம் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ‘நாட்டு நாய்க்கு எதுவும் வராது’ என்பார்கள். கொசு சாதி பார்த்துக் கடிப்பதில்லை. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ தெருநாயோ, எல்லாவற்றுக்கும் இது வரும். பூனைக்கும் வரலாம். பூனையின் சிறிய உடம்பில் ஒன்றிரண்டு புழுக்களே மூச்சுத்திணறலுக்கும் திடீர்ச் சாவுக்கும் போதும். பெரிய புழுவைக் கொல்லப் பூனைக்குப் பாதுகாப்பான மருந்து கிடையாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீண் பயம் வரும். இந்தியாவில் இதயப்புழு அதிகம் காணப்படுவது வடகிழக்கு மாநிலங்களில். கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டுப் பக்கம் நாய்களில் அதிகம் பதிவாவது அதன் பங்காளியான தோல்புழு. இது நாயை அவ்வளவாகக் கொல்வதில்லை. அரிப்பு, சிறு கட்டி என்று நின்றுவிடும், பல நாய்களில் அதுவும் இருக்காது. ஆனால் இந்தத் தோல்புழு கொசு வழியாக மனிதனுக்கும் வரும். கேரளத்தில் மனிதர்களின் கண்ணில் இருந்து இந்தப் புழுவை மருத்துவர்கள் அறுவை செய்து எடுத்த நிகழ்வுகள் பல பதிவாகியுள்ளன. தோலுக்கு அடியில் கட்டியாகவும் வரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாயைத் தெருவில் விட வேண்டாம். நாயைத் தொட்டாலோ, அது நக்கினாலோ இந்தப் புழு ஒட்டாது. நடுவில் கொசு இருந்தே ஆக வேண்டும். நாயை விரட்டினால் அது தெருமுனையில் படுத்திருக்கும், கொசு அங்கே கடித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வரும். நாயை வைத்துக் காப்பதுதான் வீட்டுக்கும் காப்பு.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இந்தத் தொற்று நின்றுவிடும். வெப்பம் 14 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் கொசுவுக்குள் புழு வளர்வதில்லை. காரைக்குடி வட்டாரத்தில் அப்படிக் குளிர்வதில்லை. எனவே நமக்குப் பன்னிரண்டு மாதமும் வாய்ப்பான காலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஊருணியும் கண்மாயும் நிறையும்போது இன்னும் கூடும்.

இதற்கு மாதம் ஒருமுறை கொடுக்கும் தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. பழையதும் மலிவானதும் ஐவர்மெக்டின். ஜப்பானில் ஒரு கைப்பிடி மண்ணில் இருந்த நுண்ணுயிரில் தொடங்கிய மருந்து இது. கண்டுபிடித்த சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. இது தடுப்பூசி போல வேலை செய்வதில்லை. போன மாதம் உள்ளே இறங்கிய குஞ்சுப் புழுக்களை இந்த மாதம் அழிக்கிறது, களையை முளையிலேயே எடுப்பதைப் போல. வளர்ந்த புழுவை இந்த அளவு மருந்து உடனே கொல்லாது. அதனால்தான் இரண்டு மூன்று மாதம் விட்டுவிட்டுக் கொடுப்பது பயன்படாது.

என் கவலை இந்த மருந்தைப் பற்றியதுதான். ஆடு, மாடு வைத்திருக்கும் பல வீடுகளில் ஐவர்மெக்டின் புட்டி மாடத்தில் இருக்கும். ‘ஆட்டுக்குப் போட்டது போக மிச்சம், நாய்க்கும் ஒரு மில்லி போட்டுவிடு’ என்பது நாட்டுப்புறத்தில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. கணக்குப் பாருங்கள். இதயப்புழுத் தடுப்புக்கு நாயின் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் போதும். 20 கிலோ நாய்க்கு 120 மைக்ரோகிராம். 1 சதவீத ஊசி மருந்தில் 1 மில்லியில் இருப்பது 10,000 மைக்ரோகிராம். தேவையைப் போல 80 மடங்குக்கும் மேல். கோலி போன்ற சில இன நாய்களுக்கு அதிக அளவு மூளையைத் தாக்கும். ரத்தத்தில் புழுக்குஞ்சு நிறைய உள்ள நாய்க்குக் கொடுத்தால், அவை ஒரே நேரத்தில் செத்து நாய் அதிர்ச்சியில் விழலாம். யானைக்கால் நோய்க்கான டிஇசி மாத்திரையிலும் இந்த ஆபத்து உண்டு. சொறிக்கு மருத்துவரே அதிக அளவில் ஐவர்மெக்டின் கொடுப்பதுண்டு. அது நாயைப் பார்த்து அவர் எடுக்கும் முடிவு. புட்டி கையில் இருப்பதால் நாம் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது.

ஆக, மருந்துக்கு முன்னால் பரிசோதனை வர வேண்டும். ஏழு மாதம் தாண்டிய நாய்க்கு ரத்தம் பார்த்த பிறகே தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். முற்றிய பிறகு செய்யும் சிகிச்சை கடினமானது. ஆர்செனிக் சார்ந்த ஊசியை முதுகுத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். செத்த புழு நுரையீரல் குழாயை அடைக்காமல் இருக்க வாரக்கணக்கில் நாயைக் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். அந்த மருந்து நம் ஊர் மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைப்பதும் இல்லை.

அரசுக்கும் கால்நடைத் துறைக்கும் என் கோரிக்கை சிறியது. ஆண்டுதோறும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளை ஒட்டிப் பல ஊர்களில் தடுப்பூசி முகாம் நடக்கிறது. நாயைக் கட்டிப் பிடித்து மருத்துவர் முன்னால் நிறுத்துவது அந்த ஒரு நாளில்தான். வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரம் முன்னால் வரும் நாள் அது. அன்றே ஒவ்வொரு நாய்க்கும் 1 மில்லி ரத்தம் எடுக்கலாம். ஒரு சொட்டை மட்டும் பார்த்தால் புழுக்குஞ்சு தப்பிவிடும். 1 மில்லியை ஃபார்மலின் நீரில் கலந்து, சுழற்றி, அடியில் தங்குவதை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும், எந்தப் புழு என்றும் பிரிக்கலாம். மருந்தகத்தில் வசதி இல்லாவிட்டால் மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பலாம். கடையில் கிடைக்கும் துரிதப் பரிசோதனை அட்டை இதயப்புழுவைத்தான் காட்டும், தோல்புழுவைக் காட்டாது. நம் பகுதிக்கு நுண்ணோக்கிதான் முதலில் தேவை.

இப்படி இரண்டு ஆண்டு செய்தால், செட்டிநாட்டு நாய்களில் எந்தப் புழு எவ்வளவு என்று நமக்கே தெரிந்துவிடும். எந்த மருந்தை, எந்த ஊரில், யார் நாய்க்குக் கொடுப்பது என்பதை அதன் பிறகு ஊகம் இல்லாமல் முடிவு செய்யலாம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் ஆடு வளர்ப்புப் பயிற்சியோடு இதையும் ஒரு பாடமாகச் சேர்த்தால் நல்லது.

நம் பங்கும் இருக்கிறது. கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருநாள் வீட்டைச் சுற்றி நிற்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். பூட்டிய வீடுகளில் மழைநீர் பிடிக்க வைத்த அண்டா, வளவில் அடைத்த தூம்பு, மாடியில் கிடக்கும் உடைந்த ஓடு, மூடாத கிணறு எல்லாம் கொசுவுக்குத் தொட்டில்தான். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் காவல்காரருக்குச் சம்பளத்தோடு இந்த வேலையையும் சொல்லி அனுப்புங்கள். ஆடு குடிக்கும் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். இரவில் நாயைக் காற்றோட்டமான இடத்தில், முடிந்தால் கொசுவலை அடித்த கூண்டில் படுக்க வையுங்கள்.

இருமும் நாயை ‘வயசாயிடுச்சு’ என்று விடாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போங்கள். ‘ரத்தத்தில் புழுக்குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள், ஐயா’ என்று நீங்களே கேளுங்கள். நாம் கேட்கத் தொடங்கினால்தான் மருந்தகத்தில் அந்தச் சோதனை வழக்கத்துக்கு வரும்.